அரக்கு வைத்த பெட்ரோல் மூடி

"வெச்ச அரக்கு வெச்சபடி இருக்கு சார். உள்ள இருந்த பெட்ரோலைத்தான் காணோம்!"

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காசிராஜன் இதைச் சொல்லிவிட்டார். அவர் நடந்து வந்திருந்ததுதான் தெருவுக்கே அதிசயமாக இருந்தது. அருப்புக்கோட்டையில் ஜின்னிங் மில் காசிராஜனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய காரைத் தெரியாதவர் ஒருவரும் இருக்க முடியாது. சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. கொடைக்கானலில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற பழைய ரேஸ் வண்டி அது. 'மதுரைக்குத் தெக்க இப்படி ஒரு வண்டி கிடையாது' என்று தை மாதம் வாங்கிய நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று ஊரும் அந்தப் பெருமையில் பங்கு போட்டுக்கொண்டது.

அவர் தேடி வந்த திம்மையா போலீஸ்காரர் அல்ல, தீ இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர். விருதுநகரிலிருந்து திருச்சுழி வரைக்கும் எங்கே பஞ்சுக் குடோன் எரிந்தாலும் அவர்தான் போவார். சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டு அரைநாள் உட்கார்ந்திருப்பார். தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று எழுந்து நின்று சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை. வீட்டில் கன்னடம் பேசும் நெசவாளர் குடும்பம். அவர் மனைவியின் தம்பி ரங்கராஜுக்கு பஜாரில் சேலைக் கடை இருந்தது. மாமாவுக்குக் கேஸ் என்றால் கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார். இத்தனைக்கும் முப்பது வயது ஆள், கல்யாணமானவர். இன்றும் காசிராஜனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மொதல்ல மோர் குடிங்க அண்ணாச்சி," என்றார் திம்மையா.

காசிராஜன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். வண்டியை ஓட்டுகிறவர் ஆண்டிச்சாமி. பதினைந்து வருஷமாக மில் லாரி ஓட்டியவர், இந்தக் கார் வந்ததும் இதற்கு மாறினார். பங்குனி மாதத்திலிருந்து பெட்ரோல் குறைகிறது. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் ராத்திரியில் குறைவதில்லை. மில் முற்றத்தில் நிற்கும் பகலில்தான் குறைகிறது. குச்சி விட்டு அளந்து பார்த்ததில் சில நாள் நாலு விரல் அளவுக்கு இறங்கியிருக்கிறது. சந்தேகம் வந்த பிறகு, பருத்தி விதை சாம்பிள் பைக்குச் சீல் போடுவதுபோல, பெட்ரோல் மூடியைச் சுற்றிச் சணல் கட்டி அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தை அழுத்தி வைத்தார்.

"சாயங்காலம் பாத்தா முத்திரை கல்லு மாதிரி இருக்கு. நானே உடைச்சுத் தொறந்தேன். வண்டி உஸ்ஸுன்னு பெருமூச்சு விடுது, பெட்ரோலைக் காணோம்! எங்கிட்டு இருந்து எடுக்கான், எப்படி எடுக்கான்னு தெரியல."

"ஆண்டிச்சாமிதான் எடுக்கார்னு எப்படிச் சொல்றீக?" என்று திம்மையா கேட்டார்.

"கையும் களவுமாப் பிடிச்சேன்ல! வியாழக்கிழமை ரெட்டியபட்டி வரைக்கும் ஒரு சோலியா அனுப்பினேன். போகும்போது சீல் வெச்சு அனுப்பினேன், திரும்பி வரும்போது உடைஞ்சு கெடக்கு. கேட்டா, வழியில வண்டி நின்னு போச்சாம். மூடியத் தொறந்தாத்தான் கிளம்புதாம்! இதுக்கு முன்னாடியும் அதே எடத்துலதான் நின்னுச்சாம். அந்த எடத்துக்கு வடக்க அரை மைல்ல இவன் மாமனார் வீடு. நான் என்ன காதுல பூவா வெச்சிருக்கேன்? பஜாரு நடுவுல வெச்சு 'திருட்டுப் பயலே'ன்னு கேட்டுட்டேன். அம்புட்டுப் பேரும் பாத்தாக."

ரங்கராஜ் தொடையில் தட்டினார். "மாமா, கேஸ் முடிஞ்சு போச்சு! வேலியே பயிரை மேஞ்ச கதை."

திம்மையா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப நான் என்ன செய்யணும் அண்ணாச்சி?"

"திங்கக்கிழமை போலீஸ் ஸ்டேஷன்ல அவனை ஒப்படைக்கப் போறேன். எப்படி எடுத்தான்னு அதுக்குள்ள தெரியணும். அது தெரியாமப் போய் நின்னா ஏட்டு என்னையப் பாத்துச் சிரிப்பான்."

"எடுத்தாரான்னு மொதல்ல பாப்போம். எப்படிங்கிறது அப்புறம்."

மில் முற்றம் கரிசல் மண். சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஜின்னிங் கொட்டகையிலிருந்து பறந்து வந்த பஞ்சுப் பிசிறு தரையெங்கும் வெள்ளையாகப் படிந்திருந்தது. கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய பஞ்சு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். திம்மையா அதைப் பார்த்ததும் முதல் வேலையாக மூட்டைகளைத் தூர நகர்த்தச் சொன்னார். யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது என்றார்.

"எதுக்கு சார்?" என்றார் காசிராஜன்.

"காணாமப் போன பெட்ரோல் எங்க இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியுற வரைக்கும் அது இங்கதான் இருக்குன்னு வெச்சுக்குவோம்."

காரின் முன்மூடியைத் திறந்து கார்புரேட்டரை வெகு நேரம் பார்த்தார். அதன் பக்கத்தில் கீழ்நோக்கிப் போகும் மெல்லிய குழாயில் டீ டிக்காஷன் வழிந்து காய்ந்ததுபோல ஒரு கறை. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். சுற்றிலும் பஞ்சுப் பிசிறு வெள்ளையாக உதிர்ந்து கிடக்க, என்ஜினுக்கு நேர் கீழே மட்டும் மஞ்சள் பூத்து மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு துளி பஞ்சை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பின்பக்கம் போய்ப் பெட்ரோல் மூடியைப் பார்த்தார். உடைந்த அரக்கின் மிச்சம் ஓரத்தில் ஒட்டியிருந்தது. மூடியின் நடுவில் நாலணா அகலத்துக்குச் சந்தனமும் மஞ்சளும் அடுக்கடுக்காக இறுகி, மேலே குங்குமம்.

"வண்டிக்குப் பூசை யாரு போடுறது அண்ணாச்சி?"

காசிராஜன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஆரம்பிச்சேன், ஒரு வெள்ளி தவறினதில்ல. வேற ஒருத்தர் கை படவிட மாட்டேன்."

வாட்ச்மேன் தவசியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆண்டிச்சாமி மதியம் சாப்பிடப் போய்விடுவார், வண்டியிடம் ஒரு ஈ காக்கா அண்டாது என்று தவசி சத்தியம் செய்தார். "உச்சிப் பொழுதுல லேசா வாடை மட்டும் வரும் சார். ஆயில் என்ஜின் வாடைன்னு இருந்துட்டேன்."

ரங்கராஜ் கன்னடத்தில் மாமாவின் காதைக் கடித்தார். வாட்ச்மேனும் டிரைவரும் கூட்டு, வண்டிக்கு அடியில் ரகசியக் குழாய் இருக்கிறது, அந்தக் கறைதான் அதற்குச் சாட்சி என்பது அவர் கட்சி. பாஷை புரியாத காசிராஜன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "கறையைக் கண்டுபிடிச்சிட்டே, சந்தோஷம். ஆளை அப்புறம் பிடி," என்று திம்மையாவும் கன்னடத்திலேயே சொல்லிவிட்டு நடந்தார்.

ஆண்டிச்சாமியை மில்லுக்கு வரச் சொல்லி ஆள் போயிருந்தது. அவர் வரவில்லை. ஆகவே திம்மையாவும் ரங்கராஜும் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

கதவருகில் நின்ற அவர் மனைவி பொன்னுத்தாய் ஒரு பிடி பிடித்துவிட்டாள். "குழாயடியில கொடத்த வெச்சா, திருடன் பொண்டாட்டி வாரான்னு நவுந்துக்கிடுறாளுக. இவுக என்னடான்னா ஊமைச்சாமி மாதிரி உக்காந்திருக்காக. விருதுநகர் பஸ் கம்பெனியில இருந்து நேத்து கூப்பிட்டாக சார். போக மாட்டாகளாம்!"

"திருடன்னு பேரை வெச்சுக்கிட்டு இன்னொருத்தன் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்," என்றார் உள்ளிருந்து ஆண்டிச்சாமி. எழுந்து வந்தார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை. வேலை இல்லாத நாளிலும் அந்தச் சட்டையைப் போட்டிருந்தார். "முத்திரையை நான்தான் உடைச்சேன். மறைக்கலையே. வண்டி நின்னா தொறந்து பாப்பேன், பெட்ரோல் இருக்கும், காத்து உள்ள இழுக்கிற சத்தம் கேக்கும், அப்புறம் கிளம்பிரும். பனமரத்தடியில நின்னு பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாக. மாமனார் வீட்டுப் பக்கத்துல நின்னது என் நேரம்."

"வண்டியில வேற ஏதும் கோளாறு?"

"கார்புரேட்டர் ஊசி தேஞ்சு போச்சு சார். மாசியிலயே மொதலாளிகிட்டச் சொன்னேன். 'வெள்ளைக்காரன் ஓட்டினப்போ தேயாதது நீ ஓட்டினா தேயுதோ'ன்னு கேட்டாக. அதுக்கு மேல நான் என்ன பேச?"

"நாளைக்கு மத்தியானம் மில்லுக்கு வாங்க."

"ஆள் விட்டுக் கூப்பிட்டா வர மாட்டேன்."

"நான் நேர்ல வந்துல கூப்பிடுறேன்," என்றார் திம்மையா. ஆண்டிச்சாமி தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே காரை எடுத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் டேங்கை நிரப்பினார்கள். காசிராஜனே ஓட்டினார், பக்கத்தில் திம்மையா. இரண்டு இருக்கை வண்டியில் ரங்கராஜுக்கு ஏது இடம்? இருக்கைக்குப் பின்னால் பெட்டி வைக்கும் பொந்தில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்தார். ஆனாலும் பஜாரைக் கடக்கும்போது தெரிந்தவர்களைப் பார்த்துக் கை ஆட்டத் தவறவில்லை.

"ரெட்டியபட்டி ரோடா?" என்றார் காசிராஜன்.

"வேண்டாம். மல்லாங்கிணறு ரோட்டுல விடுங்க. அங்கிட்டு ஆண்டிச்சாமிக்கு மாமனாரும் இல்ல, மச்சானும் இல்ல."

கார் பறந்தது. காசிராஜன் கிளட்சை மிதித்த மிதியில் பொந்துக்குள் இருந்தவருக்குப் பல் கிடுகிடுத்தது. ஆனால் அந்தச் சிவப்பு வண்டி கரிசல் காட்டு நடுவே உறுமிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ரங்கராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நம்ம ஊர் வண்டிடா என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்துவதற்குள் என்ஜின் இருமியது, திணறியது, நின்றே போனது.

காசிராஜன் திகைத்துப் போனார். "ரெட்டியபட்டி ரோட்டுல நிக்கிறதும் இம்புட்டுத் தூரத்துலதான் சார்!"

"எடம் மாறியாச்சு, டிரைவர் மாறியாச்சு. தூரம் மட்டும் மாறல. ரங்கராஜ், மூடியைத் தொற."

ரங்கராஜ் கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டே போய்த் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. மூடியை மறுபடி போட்டதும் வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ரங்கராஜின் ரகசியக் குழாயும் கூட்டுக் களவும் அந்த ரோட்டிலேயே இறங்கிக்கொண்டன.

மில்லுக்கு வந்ததும் திம்மையா டேங்கை மறுபடி நிரப்பச் சொன்னார். காசிராஜனையே மூடிக்கு அரக்கு ஊற்றி முத்திரை வைக்கச் சொன்னார். காரை வழக்கமான இடத்தில், வெயிலில் நிறுத்தினார்கள். ரங்கராஜ் கடையிலிருந்து கொண்டுவந்த புது மல் வேட்டியைக் காருக்கு அடியில் நீளத்துக்கு விரித்தார்கள். மணல் வாளிகள் வரிசையாக வந்து நின்றன. பிறகு எல்லோரும் கொட்டகை நிழலுக்குப் போய் உட்கார்ந்தார்கள். காசிராஜன் ஒரு பக்கம், தவசி ஒரு பக்கம். இஸ்திரிச் சட்டையோடு வந்த ஆண்டிச்சாமி இருவரையும் பாராமல் தூணில் சாய்ந்து நின்றார். பொன்னுத்தாயும் கூடவே வந்திருந்தாள்.

வெயில் ஏறியது. யாரும் காரை நெருங்கவில்லை. உச்சிப் பொழுது தாண்டியபோது லேசாகப் பெட்ரோல் வாடை வீசியது. திம்மையா எழுந்து போய்க் குனிந்து பார்த்துவிட்டுக் கையசைத்தார்.

வெள்ளை வேட்டியில், என்ஜினுக்கு நேர் கீழே, மஞ்சளாக ஒரு ஈரம் பரவிக்கொண்டிருந்தது. கார்புரேட்டர் பக்கத்துக் குழாயின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. விழுந்த வேகத்தில் பாதி காய்ந்தும் போனது.

"இதுதான் உங்க திருடன்," என்றார் திம்மையா. "வேட்டி இல்லேன்னா கரிசல் வெடிப்பு குடிச்சிரும், மிச்சத்தை வெயில் குடிச்சிரும். பெட்ரோலுக்குப் போட்ட சாயம் மட்டும் பஞ்சுல தங்கும். சாயத்துக்கு நடுவுல பொறந்தவன் நான், அந்த மஞ்சளைப் பாத்ததுமே சந்தேகம் வந்துச்சு."

"இது ஏன் கொட்டகையில கொட்டல? ரோட்டுல ஏன் நிக்கிது?" என்று ரங்கராஜ் துள்ளினார்.

"அண்ணாச்சி, நீங்க பருத்திக்கொட்டை எண்ணெயும் விக்கிறீக. எண்ணெய் டின்னைச் சரிக்கும்போது எத்தனை ஓட்டை போடுவீக?"

"ரெண்டு. ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்துக்கு. ஒரே ஓட்டைன்னா எண்ணெய் எறங்காதே."

"அதேதான். என்ஜின் பெட்ரோலை இழுக்க இழுக்க அந்த எடத்துக்குக் காத்து வரணும். வரலேன்னா கொஞ்ச தூரத்துல வண்டி மூச்சு முட்டி நிக்கும். மூடியத் தொறந்தா காத்து உஸ்ஸுன்னு உள்ள போகும், வண்டி கிளம்பும். சரி, இப்ப வெயில்ல நிக்கிது. சோத்துப் பானையை வாயடைச்சுக் கொதிக்க விட்டா என்ன ஆகும்? உள்ள ஆவி முட்டும், கிடைச்ச இடுக்குல பொங்கும். நீங்க சாயங்காலம் கேட்ட பெருமூச்சு அந்த ஆவிதான். கார்புரேட்டர்ல பெட்ரோலை அடைச்சு நிக்கிற ஊசி தேஞ்சிருக்குன்னு ஆண்டிச்சாமி மாசியிலயே சொன்னார். அந்த இடுக்கு வழியாத்தான் பொங்குது. ராத்திரி கொட்டகையில சூடு இல்ல, அதனால சொட்டும் இல்ல. நிக்கிறதும் கொட்டுறதும் ரெண்டு கோளாறு இல்ல, ஒரே கோளாறு."

"காத்துக்குன்னு ஓட்டை இல்லாமயா வெள்ளைக்காரன் வண்டி செஞ்சான்?" என்றார் காசிராஜன்.

"ஓட்டை இருக்கு. மூடிக்கு நட்ட நடுவுல, குண்டூசி நுழையுற அளவுக்கு." திம்மையா பொன்னுத்தாயைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு ஊக்கு இருந்தாக் குடும்மா."

அவள் தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்துக் கொடுத்தாள். திம்மையா முத்திரையைத் தொடவில்லை. இறுகிக் கிடந்த சந்தனப் பொட்டின் நடுவில் ஊக்கை வைத்துத் திருகினார். பொட்டு ஓடுபோலப் பெயர்ந்தது. துளை தெரிந்ததும் உஸ்ஸ்ஸென்று ஆவி வெளியே பாய்ந்தது. அடியில் சொட்டு மெதுவானது, பிறகு நின்றது.

கொடைக்கானல் வெள்ளைக்காரர் பொட்டு வைக்கவில்லை. தையில் வந்த வண்டி மாசி முழுக்கச் சரியாக ஓடியது. பங்குனிப் பொங்கலிலிருந்து வெள்ளிதோறும் அந்தத் துளைக்குமேல் சந்தனத்தை அப்பியவர் யார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். திம்மையா அதைக் கேட்கவும் இல்லை. மாமாவின் அந்தப் பெருந்தன்மையில் ரங்கராஜுக்குக் கண் கலங்கியது.

"நான்தான்," என்றார் காசிராஜன். "என் கையாலதான் அடைச்சேன். அடைச்சுட்டு அவனைப் பிடிச்சேன்." ஆண்டிச்சாமியின் பக்கம் போனார். "ஆண்டிச்சாமி, தப்பு எம்மேல. மன்னிச்சிரு."

ஆண்டிச்சாமி தூணை விட்டு அசையவில்லை. "திருடன்னு சொன்னது எங்க வெச்சு மொதலாளி?"

"பஜார்ல."

"இங்க ஆறு பேரு இருக்கோம். அங்க ஊரே நின்னுச்சு."

முதலாளியிடம் இப்படிப் பேசி அந்த மில்லில் யாரும் பார்த்ததில்லை. காசிராஜனின் முகம் சிவந்தது. ரோஷக்காரர்தான். ஆனால் கணக்கு நேர்மை பார்க்கிற வியாபாரி. காரின் இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். அது அவர் உட்காரும் பக்கம்.

"ஏறு," என்றார்.

சாயங்காலம் பஜார் நெரியும் நேரத்தில் அந்தச் சிவப்புக் கார் வந்தது. ரங்கராஜ் தன் கடைப் படியில் மாமாவோடு நின்றுகொண்டிருந்தார். காசிராஜன் ஓட்டினார். பக்கத்தில் ஆண்டிச்சாமி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி ஓட்ட டிரைவர் உட்கார்ந்து வருவதைப் பார்த்ததும் தராசு பிடித்த கை தராசோடு நின்றது. நடுப் பஜாரில் கார் ஒரு குதி குதித்து நின்றது. காசிராஜன் இருக்கையின் மேல் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! வியாழக்கிழமை இதே எடத்துல இவரைத் திருடன்னு சொன்னேன். நான் சொன்னது பொய்யி. தப்பு முச்சூடும் என்னோடது. ஆண்டிச்சாமி ஒரு சொட்டு எடுக்கல. இனி எவனாவது அந்தச் சொல்லைச் சொன்னா எங்கிட்டதான் பதில் சொல்லணும்!"

கூட்டம் ஆண்டிச்சாமியைப் பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. மீசையை ஒரு தடவை ஒதுக்கிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றார்.

"போதும், எறங்குங்க மொதலாளி. நீங்க கிளட்சை மிதிக்கிற மிதிக்கு வண்டி வீடு போய்ச் சேராது."

காசிராஜன் சிரித்துக்கொண்டே இறங்கி வழிவிட்டார்.